ஊர் நூல் நிலையமும் வெளியூர்த் தமிழரும்



சிறு நகரத்துப் பொது நூல் நிலையம் என்ன பணி செய்கிறது, அதை நடத்துவது எப்படி என்பதைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம். மும்பை போன்ற மாநகரில் இருந்துகொண்டு சிறு நகரத்து நூல் நிலையத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். மாதுங்காவில் வாழ்பவருக்கு மாதுங்காவே ஊர். தாராவியில் வாழ்பவருக்குத் தாராவியே ஊர். செம்பூர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம். கோயில், பள்ளிக்கூடம், பூக்கடை, காப்பிக்கொட்டை அரைக்கும் கடை, சங்கம், சங்கத்திற்குள் சச்சரவு என்று ஒரு தமிழ்ச் சிறு நகரத்தின் இலட்சணங்கள் யாவும் இவற்றில் அமைந்திருக்கின்றன. மாலையில் குறித்த மணிக்குத் திறந்து, வந்தவர் எவரேயாயினும் உள்ளே அமர்ந்து படிக்கவிடும் தமிழ் நூல் நிலையத்தைத்தான் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. சயானில் உள்ள மும்பைத் தமிழ்ச் சங்கம் நூல் நிலையம் வைத்திருக்கிறது. தில்லியிலும் பெங்களூரிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் வைத்திருக்கின்றன. ஆயினும் தாராவி முதல் கல்யாண் வரை தமிழர் பரவி வாழும் இம்மாநகருக்கு ஒன்றிரண்டு நிலையங்கள் எவ்வாறு போதும்?

இக்குறைக்குப் பணமின்மை காரணமன்று என்பது நம் கருத்து. திருவிழாவுக்கும் இசைவிழாவுக்கும் வேண்டிய பொருளை இங்குள்ள தமிழர் எக்காலத்தும் திரட்டியே வந்திருக்கின்றனர். ஊரிலிருந்து நாம் உடன் கொண்டுவந்த ஓர் எண்ணமே காரணம். நூல் நிலையம் என்பது தபால் நிலையத்தைப் போல அரசாங்கம் திறந்து வைப்பது என்று நாம் கருதிப் பழகிவிட்டோம்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார்; அச்சட்டத்திற்காகப் பல்லாண்டு முயன்றவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட நூலகச் சட்டம் இதுவே. (கொல்லாப்பூர் சமஸ்தானத்தில் 1945-லேயே ஒரு சட்டம் செய்யப்பட்டிருந்தது என்பதையும், மராட்டிய மண்ணில் இருக்கும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.) சென்னைச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சிறு பங்கு நூலகத்துக்கென்றே வசூலாகி, நூலக ஆணைக்குழுவிடம் சேரும். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என இன்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட நூலகங்கள் நடைபெறுவதற்கு அவ்வரியே அடிப்படை. நம் தந்தையர் ஊரில் வீட்டு வரி கட்டியபோதெல்லாம், தாம் அறியாமலே ஒரு நூல் நிலையத்துக்கும் சந்தா கட்டிவந்தனர்.

சட்டம் வருவதற்கு முன்பு நிலைமை வேறு. 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் ஒரு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அரங்கநாதன் அம்முயற்சிக்கு ஊக்கம் அளித்தார். அரசாங்கம் செய்யட்டும் என்று கனகசபைப் பிள்ளை காத்திருந்திருப்பாரேயானால் அவ்வண்டி புறப்பட்டிருக்காது.

மகாராஷ்டிரத்தில் நிலைமை இன்றும் ஏறக்குறைய அவ்வாறே இருக்கிறது. இங்கே பொது நூலகச் சட்டம் 1967-இல் இயற்றப்பட்டது. அதில் நூலக வரி கிடையாது. ஊரார் தாமே சங்கமாகக் கூடி, முறைப்படி பதிவு செய்துகொண்டு, ஒரு நூல் நிலையத்தைத் தொடங்கி நடத்திக் காட்ட வேண்டும். அதன் பின்னரே அரசாங்கம் அதை அங்கீகரித்து, நூல்களின் எண்ணிக்கை, உறுப்பினர் தொகை முதலியவற்றைப் பார்த்து, அ, ப, க, ட என்னும் நான்கு வகுப்புகளில் ஒன்றில் சேர்த்து மானியம் வழங்கும். இவ்வாறு மானியம் பெறும் நிலையங்கள் இம்மாநிலத்தில் பல்லாயிரம் உள்ளன. இம்முறையில் குற்றங்கள் இல்லாமல் இல்லை. மானியத்துக்காகவே பெயரளவில் நடந்த நிலையங்கள் பல உண்டு என்ற குறை எழுந்து, 2012-ஆம் ஆண்டில் மாநிலமெங்கும் ஆய்வு நடைபெற்றது. அதன் பின் பல ஆண்டுகள் புதிய நிலையங்களுக்கு அங்கீகாரம் அளிப்பதே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே மானியத்தை நம்பி இறங்குவோருக்கு நாம் எச்சரிக்கையே கூறுவோம். ஆனால் அம்முறைக்கு அடியில் இருக்கும் பழக்கம் போற்றத்தக்கது.

அப்பழக்கம் சட்டத்தைவிட மிகப் பழையது. இரத்தினகிரியில் நகர வாசனாலயம் 1828-இல் தோன்றியது. கல்யாண் ஊரின் சார்வஜனிக வாசனாலயம் 1864-இல் தோன்றியது. தாணேயில் மராத்தி கிரந்த சங்கிரகாலயம் 1893-இலும், மும்பையில் அதே பெயருடைய மற்றொன்று 1898-இலும் நிறுவப்பட்டன. இவை எல்லாம் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் கூடிச் செய்தவை. கல்யாண், தாணே வழியாக நாள்தோறும் மின்சார ரயிலில் போய்வரும் தமிழருள் எத்தனை பேர் இவ்வாசனாலயங்களின் படியேறியிருப்போம்?

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் இருக்க இயலவில்லை. மராத்தியில் ‘வர்கணி’ என்பர். ‘சந்தா’ என்று அதைத் தமிழாக்குவது வழக்கம். அது முழுவதும் பொருந்தாது. சந்தா, ஒருவர் தமக்குக் கிடைக்கும் பொருளுக்குக் கொடுக்கும் விலை. பத்திரிகை வந்தால் சந்தா, வராவிட்டால் இல்லை. வர்கணி, கூட்டத்தில் ஒருவர் என்னும் முறையில் தலைக்கு இவ்வளவு என்று இடுவது. கணபதி உற்சவத்துக்கு வீட்டு வாசலில் வந்து கேட்பதும் வர்கணியே. வாசனாலயத்துக்குக் கட்டுவதும் வர்கணியே. நம் ஊரில் கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கும் ‘தலைக்கட்டு வரி’ இதற்கு நெருங்கிய உறவு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அம்மன் கொடைக்கு வரி கொடுக்காதவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நூல் நிலையத்துக்கு அப்படி ஒரு வரியை நாம் ஏன் இட்டுக்கொள்ளக் கூடாது?

கணக்கு எளிது. இருநூறு குடும்பங்கள் மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் மாதம் பதினாயிரம் ரூபாய், ஆண்டுக்கு ஒரு இலட்சத்து இருபதினாயிரம் ரூபாய் சேரும். மாலை நேரம் மட்டும் வந்து அமரும் ஒருவருக்குச் சிறு ஊதியம், நாளிதழ்கள், மின்சாரக் கட்டணம், மாதந்தோறும் சில புது நூல்கள் ஆகியவற்றுக்கு இதைக்கொண்டு ஒருவாறு ஈடுசெய்யலாம். இடத்துக்கு வாடகை கொடுக்க இது போதாது. மும்பையில் இடம்தான் பெருஞ்சிக்கல். ஆதலால் கோயில் மண்டபத்தின் ஒரு பக்கம், பள்ளியின் ஓர் அறை, சங்கக் கட்டடத்தின் முன்கூடம் என ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

சங்கங்களில் நூல் நிலையம் தொடங்கப்பெறும் விதத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். முதலில் திறப்பு விழா. பெரியவர் ஒருவர் வந்து விளக்கேற்றுவார். அன்பர்கள் தத்தம் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த நூல்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள்: அட்டை போன தொடர்கதைத் தொகுப்புகள், மகன் படித்து முடித்த பொறியியல் பாடநூல், ஒரே நூலின் ஐந்து படிகள். இரண்டு இரும்பு அலமாரிகள் வரும். அவற்றின் சாவி செயலாளரிடம் இருக்கும். செயலாளரோ அலுவலகம் முடிந்து ரயிலில் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகும். புத்தகம் வேண்டி வந்தவர் இருமுறை பூட்டைப் பார்ப்பார். மூன்றாம் முறை வரமாட்டார். சில ஆண்டுகள் கழித்து, இடம் வேறு காரியத்துக்கு வேண்டியிருக்கிறது என்று அலமாரி திறக்கப்படும்போது, மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடித்த நூல்கள் ரத்திக் கடைக்கு எடை போடப்படும். பணமும் ஆர்வமும் குறைந்ததால் நேர்ந்த முடிவன்று இது. திறப்பதற்கு ஓர் ஆளும் திறக்கும் நேரமும் இல்லாமையால் நேர்ந்தது.

ஆகையால் நூல் நிலையம் நடத்துவோர் முதலாவதாகச் செய்ய வேண்டியது நேரத்தைக் குறிப்பதே. நாள்தோறும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்றால், மழை கொட்டினாலும் கிரிக்கெட் பந்தயம் நடந்தாலும் அந்நேரத்தில் விளக்கு எரிய வேண்டும். ஒருவரே வந்தாலும் எரிய வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே இயலுமாயின் அவ்வொரு நாளையாவது தவறாமல் கடைப்பிடித்தல் நலம்.

அடுத்தது நூலகர். பட்டம் பெற்றவராயின் நன்று, இல்லாவிடினும் குற்றமில்லை. வருவோரின் முகமும் அவர்தம் சுவையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “அண்ணாச்சி, போன வாரம் எடுத்துட்டுப் போனதுக்கு அடுத்த பாகம் வந்திருக்கா?” என்று ஒருவர் கேட்டால், அண்ணாச்சிக்கு எந்தப் பாகம் என்று உடனே புரிய வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதை நாடும் ஒருவர் எங்கோ இருக்கிறார், அவ்விருவரையும் சேர்த்து வைப்பதே நூலகரின் வேலை என்பது, 1931-இல் வெளிவந்த அரங்கநாதனின் ஐந்து விதிகளின் சாரம். இதற்கு இரண்டு பதிவேடுகள் போதும். வரும் நூல்களுக்கு வரிசை எண் இட்டு எழுதும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று; யார் எதை எடுத்துச் சென்றார், என்று திருப்பித் தந்தார் என்பதைக் காட்டும் வழங்கல் பதிவேடு மற்றொன்று. கணினியில் வைத்துக்கொண்டாலும் சரியே. வழங்கல் பதிவேட்டை ஆண்டுக்கொரு முறை புரட்டிப் பார்த்தால், எவ்வகை நூல் ஓடுகிறது, எது அசையாமல் கிடக்கிறது என்பது தானே விளங்கும். அசையாதவற்றுள் அரியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைக் கழிக்க அஞ்சக் கூடாது. நன்கொடை நூல் என்பதற்காக ஐந்து படிகளையும் காப்பது பக்தியாகாது.

மும்பைக்கே உரிய ஒரு பகையைப் பற்றியும் கூறிவிடுகிறோம். சூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்றில் ஈரம் இறங்குவதில்லை. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை ஏறும். நாலு விரற்கடை விட்டு வைக்க வேண்டும். இராமபாணப் பூச்சி தாளைத் துளைக்கும். கறையான் அடித்தட்டிலிருந்து மேலேறும். ஏட்டுச் சுவடிகளுக்கு நம் முன்னோர் வசம்பு வைத்தனர். இன்றும் துணியில் முடிந்த வசம்பும் வேப்பிலையும் ஓரளவு உதவுகின்றன. அந்துருண்டையின் நெடி குழந்தைகளுக்கு ஆகாது. இவை யாவற்றிலும் சிறந்த மருந்து, நூலை அடிக்கடி எடுத்துப் புரட்டுதல். வாசகர் கைபட்ட நூலைப் பூச்சி எளிதில் அண்டுவதில்லை.

இனி, இவ்வளவு பாடும் யாருக்காக? தாராவியிலும் அதைப் போன்ற பகுதிகளிலும் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் வாழ்கிறது. பத்தாம் வகுப்பு மாணவன் படிக்கும் அதே இடத்தில்தான் அடுப்பு எரிகிறது, தொலைக்காட்சி ஓடுகிறது, தங்கை உறங்குகிறாள். அவனுக்கு நூல் நிலையத்திலிருந்து முதலில் வேண்டியது நூல் அன்று. ஒரு மேசை, ஒரு விளக்கு, மூன்று மணி நேர அமைதி. இங்குள்ள மராத்தி மக்கள் இதற்கென்றே ‘அப்யாசிகா’ என்னும் படிப்பறைகளை ஏற்படுத்தியிருக்கின்றனர். இதன் அருமையை அறிய அம்பேத்கரின் இளமையை நினைத்தால் போதும். பரேலில் ஒற்றை அறைக் குடியிருப்பில் வாழ்ந்த மாணவப் பருவத்தில், இடமின்மையால் அவர் முன்னிரவில் உறங்குவார். இரவு இரண்டு மணிக்குத் தந்தையார் எழுப்பிவிட, அதன் பின் விளக்கொளியில் படிப்பார். பூங்காவில் அவர் படித்துக்கொண்டிருந்ததைக் கண்ட கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் நூல்கள் கொடுத்து உதவினார். அந்த மாணவரே பிற்காலத்தில், 1930-களில், தம் நூல்களுக்கு இடம் வேண்டும் என்பதை மனத்திற்கொண்டு தாதர் இந்து காலனியில் ‘ராஜகிருகம்’ கட்டினார். மாதுங்காவிலிருந்து அது நடந்து செல்லும் தூரம்தான்.

மற்றொரு சாரார் நம் சொந்தக் குழந்தைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம் பயிற்றுமொழி. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். மராத்தி கற்பது நன்றே. இந்நாட்டின் மொழி அறியாமல் இங்கு வாழ்வது அழகன்று. ஆயினும் பாட்டி எழுதிவைத்த கடிதத்தைப் பேரன் மற்றொருவரைக் கொண்டு படிக்கச் செய்யும் நிலை பல வீடுகளில் வந்துவிட்டது. இதற்கு வகுப்பு நடத்தினால் குழந்தைகள் இன்னொரு பள்ளி என்று அஞ்சி ஓடுவார்கள். படமும் பெரிய எழுத்தும் உள்ள கதைநூல்களை ஒரு தாழ்ந்த தட்டில் அடுக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கதை படித்துக் காட்டினால், சில மாதங்களில் அவர்களே எழுத்துகளைத் தடவத் தொடங்குவர். அத்தட்டுக்குப் பக்கத்திலேயே மராத்திச் சிறுவர் நூல்களையும், மேசைமேல் தமிழ் நாளிதழோடு மராத்தி நாளிதழையும் வைக்க வேண்டும் என்பது நம் உறுதியான எண்ணம். அண்டை வீட்டுக்காரருக்கும் கதவு திறந்திருந்தால் அது பொது நூல் நிலையம்.

நூல்களுக்கு எங்கே போவது என்னும் கேள்விக்கு விடை அவ்வளவு கடினமன்று. முதல் தலைமுறைப் பெரியவர்களின் நூல்கள் பல வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. அவர்கள் மறைந்த பின் அவை போகும் வழி நமக்குத் தெரிந்ததே. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் நெடுங்காலமாகப் பழைய நூல்கள் விற்கப்பட்டு வருகின்றன. பொறுமையோடு கிளறுபவருக்குத் தமிழ் நூலும் அகப்படும். சென்னையிலிருந்து வரவழைப்பதாயின் தபால் இருக்கிறது. பழைய புத்தகத் தபால் முறை 2024 டிசம்பரில் நின்றுபோயிற்று. அதனால் கலங்கியவர்களுக்கு ஆறுதலாக, 2025 மே முதல் நாள் ‘ஞான் போஸ்ட்’ என்னும் முறை வந்திருக்கிறது. தொடங்கியபோது அறிவித்த கட்டணம், முந்நூறு கிராம் வரை இருபது ரூபாய், ஐந்து கிலோ வரை நூறு ரூபாய், வரி தனி. ஐந்து கிலோ என்பது ஏறத்தாழ இருபது நாவல்கள்.

பலர் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. 1954-ஆம் ஆண்டு மத்திய அரசின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் எம்மொழியில் நூல் அச்சானாலும் அதன் பதிப்பாளர் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றோடு நான்காவதாக மும்பை மத்திய நூலகமும் அவற்றுள் ஒன்று. எல்லாப் பதிப்பாளரும் அனுப்பிவிடுவதில்லை. இருப்பினும் சட்டத்தின் கண்ணில், தமிழில் வெளியாகும் ஒவ்வொரு நூலுக்கும் மும்பையில் ஓர் இடம் உண்டு. அதைத் தாராவி வாசகர் கையில் சேர்ப்பது எந்தச் சட்டத்தின் வேலையும் அன்று. கைப்பேசியிலும் நூல்கள் கிடைக்கின்றனவே என்பர் இளைஞர். உண்மை, மதுரைத் திட்டம் 1998 முதலாகப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கி வருகிறது. எதைத் தேடுவது என்று அறிந்தவருக்கு அது பெருங்கொடை. அறியாதவருக்குத்தான் அண்ணாச்சி வேண்டும்.

ஓர் அறையில் தொடங்கி என்ன ஆகப்போகிறது என்று தயங்குவோர் யாழ்ப்பாணத்தை நினைக்கலாம். அங்கே 1933-இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கலானார். அடுத்த ஆண்டு ஊரார் குழு அமைத்து, ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையில் 844 நூல்களோடும் ஏறக்குறைய முப்பது பத்திரிகைகளோடும் நூல் நிலையத்தைத் திறந்தனர். 1959-இல் அதற்குப் பெருங்கட்டடம் எழுந்தது. 1981-இல் தீயிட்டு எரிக்கப்பட்டபோது அங்கே இருந்த நூல்கள் சுமார் 97,000. அக்கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டு இன்று வாசகர்களால் நிறைந்திருக்கிறது. எரிந்த ஓலைச் சுவடிகள் திரும்பவில்லை.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. தகுதி பெற்ற குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று 2024 சனவரியில் அறிவிக்கப்பட்டது. அவ்வளவில் கட்டில் போடலாம்; புத்தக அலமாரிக்கும் படிக்கும் மேசைக்கும் இடம் காண்பது அரிது. கோயிலுக்கும் பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் இடம் கேட்போர் பலர் இருப்பர். நூல் நிலையத்துக்குக் கேட்பவர் யாரென்று தெரியவில்லை. வரைபடங்கள் மாறக்கூடிய காலத்திலேயே எழுத்து மூலம் கேட்பது நலம். விண்ணப்பத்தை மராத்தியில் எழுதுக. ‘தமிழ் சங்கக் கூடம்’ என்று எழுத வேண்டாம். ‘சார்வஜனிக வாசனாலயமும் அப்யாசிகாவும்’ என்று எழுதுக. பதினைந்து அடிக்கு இருபது அடி, தரைத்தளம், இரு பக்கம் சன்னல் என்று அளவையும் குறிப்பிடுக. கையொப்பம் இடுவோருள் அண்டையில் உள்ள மராத்தியரும் குஜராத்திக் குயவரும் உருது பேசுவோரும் இருத்தல் வேண்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மேசை இல்லை.